குடும்பத்தோடு கப்பல் ஏறும் முன்…

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் கடல் கிடையாது. ஆனால் ஒரு காலத்தில் இருந்தது! சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்த மண் கடலுக்கடியில் கிடந்தது. அதற்குச் சாட்சியாக காரை, கல்லங்குறிச்சி பக்கம் இன்றும் சிப்பிகளும் நத்தைக் கூடுகளும் கல்லாகிக் கிடைக்கின்றன. சாத்தனூரில் அந்தக் கடலுக்குள் விழுந்து புதைந்து கல்லாகிப் போன ஒரு மரம் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிறது. அரியலூரைச் சுற்றி இத்தனை சிமெண்ட் ஆலைகள் வந்ததற்குக் காரணமே அந்தப் பழைய கடல் விட்டுப் போன சுண்ணாம்புக்கல்தான்.

கடல் போய்விட்டது. கப்பல் மட்டும் இந்த ஊர்க்காரர்களை விடவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிய ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கடாரத்துக்குக் கப்பல் படை அனுப்பினான். அது ராஜா கதை. சாதாரண ஜனங்களின் கதை வேறு. 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலில் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் ஏராளம். பெரும்பாலானவர்கள் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தபடியே போனார்கள். அதற்குப் பிறகு எம்.வி. சிதம்பரம் வந்தது. 1985இல் அதில் தீப்பிடித்த பிறகு அந்தக் காலமும் முடிந்தது. அப்போது கப்பல் என்றால் பிழைப்பு. யாரும் எந்தக் கம்பெனிக் கப்பல் நல்லது என்று யோசித்து ஏறவில்லை. கிடைத்ததில் ஏறினார்கள்.

இப்போது நிலைமை மாறிவிட்டது. பிள்ளைகளுக்கு லீவு விட்டால் ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று போய்க்கொண்டிருந்த குடும்பங்களின் செல்போனுக்குக் கப்பல் சுற்றுலா விளம்பரம் வருகிறது. நீச்சல் குளம், சறுக்கு, மேஜிக் ஷோ, மூன்று வேளையும் சாப்பாடு, சூரிய அஸ்தமனம்! வீட்டில் பேச்சு ஆரம்பமாகிறது. எந்தக் கம்பெனிக் கப்பல்? எத்தனை நாள்? எவ்வளவு ஆகும்?

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தவறான பக்கத்திலிருந்து தொடங்குகிறார்கள். எந்தக் கப்பல் பெரியது, எதில் அதிக வசதி, எதில் தள்ளுபடி என்று கப்பலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பார்க்க வேண்டியது வீட்டை. வீட்டில் மிகச் சின்ன வயசு யாருக்கு, மிக மூத்த வயசு யாருக்கு? இந்த இரண்டு பேருக்கும் எந்தக் கப்பல் ஒத்துவருகிறதோ அதுதான் நல்ல கப்பல். நடுவில் இருப்பவர்கள் எந்தக் கப்பலிலும் சமாளித்துக்கொள்வார்கள்!

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் அப்பா, வீட்டையும் கொஞ்சம் நிலத்தையும் பார்த்துக்கொள்ளும் அம்மா, 9 வயதுப் பையன், 2 வயதுப் பெண், கூடவே 68 வயது அப்பாயி. மொத்தம் 5 பேர். இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் இப்படிப்பட்ட குடும்பம் தெருவுக்கு நாலு உண்டு.

என்னென்ன கப்பல் இருக்கிறது?

இவர்களுக்கு எட்டும் தூரத்தில் இருப்பவை இரண்டு வகை. முதல் வகை இந்தியாவிலிருந்தே கிளம்புவது. கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் 2022 ஜூன் 4 அன்று சென்னையிலிருந்து முதல் பயணம் கிளம்பியது. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கிவைத்தார். 2023 ஜூனில் இதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்கும் போனது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைமுகங்கள் அந்தப் பயணத்தில் இருந்தன. எம்ப்ரஸ் புதுக் கப்பல் அல்ல. 1990இல் வேறு பெயரில் ஓட ஆரம்பித்து, ராயல் கரீபியன் நிறுவனத்திடம் பல வருடம் இருந்து, பிறகு இந்தியாவுக்கு வந்தது. சுமார் 48,500 டன் கொள்ளளவு, 1,800 பயணிகள் வரை ஏறலாம்.

இரண்டாவது வகை சிங்கப்பூரிலிருந்து கிளம்புவது. ரிசார்ட்ஸ் வேர்ல்ட் நிறுவனத்தின் கென்டிங் ட்ரீம் 2022 முதல் அங்கிருந்து ஓடுகிறது. சுமார் 1,50,000 டன். அதாவது எம்ப்ரஸைப் போல மூன்று மடங்கு. ராயல் கரீபியன் கப்பல்களும் சிங்கப்பூரிலிருந்து கிளம்புகின்றன. ஆனால் எந்தக் கப்பல் வரும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். டிஸ்னி நிறுவனமும் சிங்கப்பூருக்கு ஒரு பிரம்மாண்டமான கப்பலை அறிவித்தது. 2025 டிசம்பரில் முதல் பயணம் என்று சொல்லி, பிறகு அதை 2026 மார்ச்சுக்குத் தள்ளிவைத்தது. முதல் பயணத்துக்கே டிக்கெட் போட்டு, பள்ளி லீவையும் விமான டிக்கெட்டையும் அதற்கேற்ப அமைத்துக்கொண்டவர்களின் பாடு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெரம்பலூர்க்காரர்களுக்குச் சென்னை சுமார் 270 கிலோமீட்டர், சாலை வழி. அரியலூர்க்காரர்களுக்கு ரயிலே இருக்கிறது. சிங்கப்பூருக்குத் திருச்சியிலிருந்து நேரடி விமானம் உண்டு. ஆக, தூரத்தை வைத்துப் பார்த்தால் இரண்டுமே முடியாத காரியம் இல்லை. பிறகு எதை வைத்து முடிவு செய்வது?

முதலில் பள்ளி நாட்காட்டி

சென்னைக் கப்பலில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. மும்பைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில்தான் இந்தக் கப்பல் பெரும்பாலும் கிழக்குக் கரைக்கு வருகிறது. அங்கே கடல் கொந்தளிக்கும்போது இங்கே ஓரளவு அமைதி. கம்பெனிக்கு அது சரியான கணக்கு. ஆனால் தமிழ்நாட்டில் பள்ளி திறப்பது ஜூனில்! மே முழுக்கப் பிள்ளைகள் வீட்டில் இருந்தபோது இல்லாத கப்பல், புதுப் புத்தகம் வாங்கி அட்டை போடும் நேரத்தில் வந்து நிற்கிறது.

அதற்காகப் பள்ளிக்கு ஒரு வாரம் லீவு போட வேண்டியதில்லை. சென்னையிலிருந்து கிளம்பும் பயணங்களில் இரண்டு இரவுப் பயணங்களும் உண்டு. வார இறுதியை ஒட்டியோ, சுதந்திர தினம் போன்ற விடுமுறையை ஒட்டியோ, செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறை தொடங்கும்போதோ தேதி கிடைக்கிறதா என்று பார்க்கலாம். கிடைக்காவிட்டால் அந்த வருடம் விட்டுவிடலாம். கப்பலுக்காகப் பரீட்சையை விட வேண்டாம். அக்டோபர் தொடங்கிவிட்டால் வங்கக் கடலில் புயல் காலம். அதையும் மனதில் வைக்க வேண்டும்.

"இரண்டு இரவு" என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு நாள் மாலை கிளம்பி, மறுநாள் முழுக்கக் கடலில் இருந்து, அதற்கடுத்த நாள் காலை இறங்குவதுதான் இரண்டு இரவு. கையில் கிடைப்பது ஒரே ஒரு முழு நாள். இது குறை அல்ல. முதல் தடவை போகிறவர்களுக்கு இந்த ஒரு நாள் போதும். ஆனால் "மூன்று நாள் டூர்" என்று நினைத்துக் காசு கட்டிவிட்டுப் பிறகு ஏமாந்துபோகக் கூடாது.

மூன்று வயது என்ற கோடு

இப்போது அந்த 2 வயதுப் பெண்ணிடம் வருவோம். கப்பல் விளம்பரங்களில் வரும் குழந்தைகள் எல்லாம் ஐந்து வயதுக்கு மேல் இருப்பார்கள். கவனித்துப் பாருங்கள்! காரணம் இருக்கிறது. பெரிய கப்பல் நிறுவனங்கள் பொதுவாக 6 மாதக் குழந்தையையே ஏற்றிக்கொள்கின்றன. நீண்ட கடல் பயணங்களுக்கு 12 மாதம் ஆகியிருக்க வேண்டும். ஆனால் ஏற்றிக்கொள்வது வேறு, பார்த்துக்கொள்வது வேறு. பெற்றோர் இல்லாமல் குழந்தைகளை விட்டுவிட்டு வரக்கூடிய கிட்ஸ் க்ளப் பெரும்பாலும் 3 வயது நிரம்பி, டயப்பர் பழக்கம் விட்ட குழந்தைகளுக்குத்தான். அதே போல டயப்பர் போட்ட குழந்தையைப் பெரும்பாலான கப்பல்களில் நீச்சல் குளத்தில் இறக்க விடமாட்டார்கள். சில கப்பல்களில் மட்டும் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கென்றே தனியாகச் சின்னத் தண்ணீர் விளையாட்டு இடம் இருக்கும்.

இதன் அர்த்தம் என்ன? 9 வயதுப் பையன் காலையிலிருந்து இரவு வரை ஓடிக்கொண்டிருப்பான். அப்பா அவன் பின்னால் போவார். 2 வயதுப் பெண்ணுக்கு மதியம் தூக்கம் வேண்டும், இரவு எட்டு மணிக்கு மேல் ஷோ பார்க்க முடியாது. அவளோடு ஜன்னல் இல்லாத கேபினுக்குள் உட்கார்ந்திருக்கப் போவது யார்? அம்மா! வருடம் முழுக்க வீட்டில் செய்யும் அதே வேலையை, லட்ச ரூபாய் செலவழித்து, ஆடும் அறைக்குள் செய்வதற்குப் பெயர் விடுமுறையா? குடும்பச் சுற்றுலாவின் வெற்றி தோல்வியை அளக்க ஒரே ஒரு கேள்வி போதும்: திரும்பி வரும்போது அம்மா ஓய்வெடுத்தாளா இல்லையா?

ஆகவே டிக்கெட் போடும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "சறுக்கு எத்தனை இருக்கிறது" என்பது அல்ல. "எங்கள் குழந்தையின் வயதுக்கு கிட்ஸ் க்ளப் உண்டா, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, அதற்குத் தனிக் கட்டணமா?" என்பதுதான். பதிலை வாய்ச் சொல்லாக வாங்காமல் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

தண்ணீர் விஷயம்

முன்பெல்லாம் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கிணற்றில் குதித்து நீச்சல் கற்றார்கள். இப்போது கிணறுகளில் தண்ணீர் குறைந்துவிட்டது, இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி இறக்கிவிடும் மாமன்களும் குறைந்துவிட்டார்கள். நீச்சல் தெரியாத பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். கல் குவாரிக் குட்டைகளில் நடக்கும் விபத்துகளைப் பற்றி இந்த மாவட்டங்களில் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

கப்பல் குளம் ஆழம் குறைவுதான். ஆனால் கூட்டமாக இருக்கும், சத்தமாக இருக்கும், குழந்தை மூழ்குவதற்கு இரண்டு நிமிடம் போதும். பெரிய கம்பெனிக் கப்பல் என்றால் குளத்தோரம் உயிர்காப்பாளர் இருப்பார் என்று நம்புவதுதான் இயல்பு. உண்மை அப்படி இல்லை. ராயல் கரீபியன் தன் எல்லாக் கப்பல்களிலும் உயிர்காப்பாளர் வைப்பதாக அறிவித்ததே 2017இல்தான். டிஸ்னி அதற்குச் சில ஆண்டுகள் முன்பே வைத்தது. பல கப்பல்களில் "இங்கே உயிர்காப்பாளர் இல்லை" என்ற பலகை மட்டும்தான் இருக்கும். இதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இருந்தாலும் இல்லாவிட்டாலும், குளத்தில் குழந்தை இருக்கும் நேரத்தில் பெரியவர் ஒருவர் செல்போனைப் பையில் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பால்கனி உள்ள கேபின் அழகாக இருக்கும், விலையும் அதிகம். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறும் வயதில் பிள்ளை இருந்தால் அந்தப் பணத்தை மிச்சம் பிடிப்பதே நல்லது. கடல் பார்க்க ஜன்னல் கேபின் போதும்.

கப்பல் கிளம்பும் முன் ஒரு பாதுகாப்புப் பயிற்சி நடக்கும். லைஃப் ஜாக்கெட் எப்படிப் போடுவது, ஆபத்தென்றால் எங்கே கூடுவது என்று சொல்வார்கள். பாதிப் பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கன்கார்டியா கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று புதிதாக ஏறியிருந்த நூற்றுக்கணக்கானவர்களுக்கு இந்தப் பயிற்சி அதுவரை நடக்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் சர்வதேச விதியைத் திருத்தினார்கள். 2015 ஜனவரி 1 முதல், கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பியவுடனோ இந்தப் பயிற்சி கட்டாயம். அந்தப் பத்து இருபது நிமிடம் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டியது பெற்றோரின் பொறுப்பு. குழந்தை அளவு லைஃப் ஜாக்கெட் கேபினில் இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிட வேண்டும்.

அப்பாயிக்கு எந்தக் கப்பல்?

அடுத்தது வீட்டின் மூத்தவர். அப்பாயி கடலைப் பார்த்ததே வேளாங்கண்ணிக்குப் போனபோதுதான் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குத் தலைசுற்றல் வருமா, வாந்தி வருமா என்று யாருக்கும் தெரியாது. இதைச் சோதித்துப் பார்க்காமல் ஐந்து இரவுக்குச் சீட்டு எடுப்பது ஆழம் தெரியாமல் காலை விடுவது போல.

பொதுவாகப் பெரிய கப்பல் குறைவாக ஆடும். எந்தக் கப்பலிலும் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உள்ள கேபின் குறைவாக ஆடும். முன்முனையும் மேல்தளமும் அதிகம் ஆடும். இன்னொன்று: ஜூன் முதல் செப்டம்பர் வரை இலங்கையின் கிழக்குக் கரையில் திருகோணமலைப் பக்கம் கடல் அமைதி, தெற்கே அம்பாந்தோட்டைப் பக்கம் தென்மேற்குக் காற்று. எனவே எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது என்பதும் முக்கியம். குமட்டல் மாத்திரையை வீட்டு டாக்டரைக் கேட்டு வாங்கிப் போக வேண்டும். சின்னக் குழந்தைக்குப் பெரியவர் மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் வேலை ஆகவே ஆகாது.

கப்பலில் டாக்டர் உண்டு. ஆனால் வைத்தியம் இலவசம் இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை இரண்டு மூன்று நாளைக்குக் கூடுதலாகவே எடுத்துப் போக வேண்டும். பயணக் காப்பீடு கட்டாயம். கர்ப்பிணிகளைப் பெரும்பாலான நிறுவனங்கள் 24 வாரத்துக்கு மேல் ஏற்றுவதில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் சாப்பாடு. இது சாதாரண விஷயம் இல்லை. மூன்று நாள் தயிர்சாதம் கிடைக்காவிட்டால் அப்பாயி பட்டினி, அவர் பட்டினி என்றால் வீடே மூட் அவுட்! இந்தியாவிலிருந்து கிளம்பும் கப்பலில் இந்தக் கவலை குறைவு. சைவம், ஜைன உணவு எல்லாம் இருக்கும். சிங்கப்பூர்க் கப்பல்களிலும் இந்தியப் பயணிகள் அதிகம் என்பதால் பஃபேயில் இந்திய உணவு கிடைக்கிறது. கென்டிங் ட்ரீம் ஹலால் சான்றிதழும் வாங்கியிருக்கிறது. லப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களிலிருந்து போகும் குடும்பங்களுக்கு இது பெரிய நிம்மதி.

கப்பலில் மதுவும் கேசினோவும் இருக்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2022 ஜூனில் சென்னையிலிருந்து போன கப்பலுக்குப் புதுச்சேரியில் அனுமதி கிடைக்காமல் போனதற்கு அந்த சர்ச்சையும் ஒரு காரணம். பிள்ளைகளை கேசினோவுக்குள் விடமாட்டார்கள். ஆனால் சில கப்பல்களில் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியே அதைத் தாண்டித்தான் இருக்கும். அப்பாயியோடு போகிறவர்கள் கப்பல் வரைபடத்தை ஒரு தடவை பார்த்துவிடலாம்.

விளம்பர விலையும் வீட்டு விலையும்

இனி பணம். விளம்பரத்தில் ஒரு ஆளுக்கு 25,000 ரூபாய் என்று போட்டிருக்கிறார்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 5 பேருக்கு 1,25,000 என்று கணக்குப் போட்டால் தப்பு. அந்த விலை பெரும்பாலும் ஒரு கேபினில் இரண்டு பேர் தங்கினால் ஆளுக்கு ஆகும் விலை. மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் குறையலாம். ஆனால் ஐந்து பேர் ஒரே கேபினில் தங்க முடியாது. இரண்டு கேபின் எடுக்க வேண்டியிருக்கும். அதுவும் பக்கத்துப் பக்கத்து கேபினாகக் கேட்டு வாங்காவிட்டால் அப்பாயி ஒரு மூலையில், பேரப்பிள்ளைகள் ஒரு மூலையில்!

அதற்கு மேல் வரி, துறைமுகக் கட்டணம், சேவைக் கட்டணம். இந்தச் சேவைக் கட்டணம் என்பது டிப்ஸ்தான். பல நிறுவனங்கள் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வசூலிக்கின்றன. கேபினில் தூங்கும் 2 வயதுக் குழந்தைக்கும் சேர்த்துத்தான்! குளிர்பானம், ஐஸ்கிரீம் கடை, வீடியோ கேம், போட்டோ எல்லாம் தனிக் காசு. கையில் பணம் தேவையில்லை, ஒரு அட்டையைக் காட்டினால் போதும் என்பார்கள். பையன் கையில் அந்த அட்டையைக் கொடுத்தால் கடைசி நாள் பில்லில் தெரியும். அட்டைக்குச் செலவு வரம்பு வைக்க முடியுமா என்று ஏறிய அன்றே கேட்டுவிட வேண்டும். கரையை விட்டு விலகியதும் செல்போன் சிக்னல் போய்விடும். கப்பலின் சிக்னலில் தானாக மாட்டிக்கொண்டால் ரோமிங் கட்டணம் மலைக்க வைக்கும். ஏறியவுடன் ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

சிங்கப்பூர்க் கப்பல் என்றால் இதோடு 5 பேருக்கு விமான டிக்கெட், பாஸ்போர்ட், சிங்கப்பூர் விசா, கிளம்பும் முன் ஒரு இரவு தங்கும் செலவு. கப்பல் மலேசியாவைத் தொட்டுவிட்டுத் திரும்பும் என்றால் ஒரே ஒரு முறை நுழையும் விசா போதாது. இலங்கைக்குப் போகும் சென்னைக் கப்பலுக்கும் பாஸ்போர்ட் வேண்டும். இந்தியத் துறைமுகங்களுக்குள்ளேயே போய் வரும் பயணத்துக்கு ஆதார் போன்ற அரசு அடையாள அட்டை போதும்.

எனவே வெவ்வேறு கப்பல்களை ஒப்பிடும்போது விளம்பர விலையை ஒப்பிட வேண்டாம். வீட்டு வாசலில் கிளம்பி வீட்டு வாசலுக்குத் திரும்பும் வரை ஆகும் மொத்தச் செலவை ஒரு தாளில் எழுதி ஒப்பிட வேண்டும். அந்தத் தாளைப் பார்த்தால் பெரும்பாலான குடும்பங்களுக்கு விடை தானாகவே தெரிந்துவிடும்.

கடன் வாங்கியோ இ.எம்.ஐ. போட்டோ கப்பல் ஏறுவது கூடவே கூடாது. சின்ன வெங்காயம் கை கொடுத்த வருஷமோ, போனஸ் நன்றாக வந்த வருஷமோ போகலாம். இரண்டு இரவுக் கப்பலுக்கு இரண்டு வருஷத் தவணை கட்டினால், நடுக்கடலில் எடுத்த போட்டோவைப் பார்க்கும்போதெல்லாம் சந்தோஷம் வராது, தேதிதான் ஞாபகம் வரும்.

கம்பெனி நிலைக்குமா?

இந்தியாவில் கப்பல் சுற்றுலா நிறுவனங்கள் வருவதும் போவதும் புதிதல்ல. 2011இல் சென்னையிலிருந்து ஆமெட் மெஜஸ்டி என்ற கப்பல் ஓட ஆரம்பித்தது. நீடிக்கவில்லை. 2019இல் மும்பையில் ஜலேஷ் நிறுவனம் கர்ணிகா என்ற கப்பலோடு வந்தது. கொரோனா வந்தது, 2020இலேயே கடை மூடிவிட்டது. வெளிநாட்டு நிறுவனம் என்றால் பயமில்லை என்றும் சொல்ல முடியாது. ஆசியாவின் பெரிய கப்பல் சுற்றுலா நிறுவனமாக இருந்த கென்டிங் ஹாங்காங் 2022 ஜனவரியில் திவாலானது.

இதனால் யாரையும் நம்ப வேண்டாம் என்பதல்ல. ஒரு வருடம் முன்பே முழுப் பணத்தையும் கட்டச் சொல்லும் தள்ளுபடிகளில் எச்சரிக்கை வேண்டும். பயணம் ரத்தானால் பணம் திரும்ப வருமா, அல்லது "அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்கிறோம்" என்பார்களா என்பதைப் படிக்க வேண்டும். ஒரு துறைமுகத்தில் நிற்காமல் போனால் என்ன ஆகும் என்றும் படிக்க வேண்டும். வானிலையோ அனுமதியோ காரணமாகத் துறைமுகத்தை மாற்றும் உரிமையைக் கப்பல் நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருக்கும்.

முடிவாக…

அந்த ஐந்து பேர் குடும்பத்துக்கு இந்த வருடம் எந்தக் கப்பல் நல்லது? நேர்மையான பதில்: எந்தக் கப்பலும் வேண்டாம்! பெண்ணுக்கு மூன்று வயது முடிந்து, கொஞ்சம் விவரம் வரட்டும். நாலு வயதில் போனால் அவளுக்கும் விளையாட்டு, அம்மாவுக்கும் ஓய்வு. அதற்குள் பையன் திருச்சியில் எங்காவது நீச்சல் கற்றுக்கொள்ளட்டும்.

அதுவரை கடல் பழக வழி இருக்கிறது. பிச்சாவரம் படகு இருக்கிறது. தரங்கம்பாடிக் கடற்கரை இருக்கிறது. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகில் அப்பாயிக்குத் தலை சுற்றுகிறதா என்று பார்த்துவிடலாம். பாஸ்போர்ட் இருந்தால் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் உண்டு. 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்ட் 16 அன்று சிவகங்கை என்ற கப்பலோடு மீண்டும் தொடங்கிய சேவை அது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிறுத்திவைப்பது உண்டு என்பதால் விசாரித்துக்கொண்டு போக வேண்டும். நாலு மணி நேரத்தில் யாழ்ப்பாணக் கரை. அந்த நாலு மணி நேரம் குடும்பத்துக்குச் சரியாகப் போனால் இரண்டு இரவும் சரியாகப் போகும்.

பிறகு முதல் தடவைக்குச் சென்னையிலிருந்து கிளம்பும் இரண்டு இரவு போதும். பழைய கப்பல், சின்னக் கப்பல் என்று சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். பரவாயில்லை. பாஸ்போர்ட் தேவையில்லை, விமானம் தேவையில்லை, அப்பாயிக்குச் சாப்பாடு உண்டு, ஒத்துக்கொள்ளவில்லை என்றாலும் மூன்றாம் நாள் காலை இறங்கிவிடலாம். அது பிடித்துப்போய், கையில் காசும் இருந்து, பிள்ளைகளும் வளர்ந்த பிறகு ஏதாவது ஒரு மே மாதம் சிங்கப்பூர்க் கப்பலை யோசிக்கலாம். விரலுக்குத் தக்க வீக்கம் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

பக்கத்து வீட்டார் எந்தக் கப்பலில் போனார்கள் என்பது ஒரு பொருட்டே அல்ல. அவர்கள் வீட்டில் 2 வயதுக் குழந்தை இருந்ததா, 68 வயது அப்பாயி இருந்தாரா என்பதுதான் கேள்வி. கப்பல் கம்பெனிகள் தங்கள் கப்பலைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லும். உங்கள் வீட்டைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது. அது தெரிந்தவர்கள்தானே தேர்ந்தெடுக்க வேண்டும்?